விளையாட்டுத் திடலில் விலைபோகும் பிள்ளைகள்



சென்ற மாதம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. இனிப்புப் பானம் விற்கும் ஒரு நிறுவனம், இவ்வாண்டுப் போட்டி விளையாட்டுக்கு மாணவர் அனைவருக்கும் இலவசமாகச் சட்டை வழங்க முன்வந்துள்ளது. கைம்மாறாக அது கேட்பவை: சட்டையின் நெஞ்சுப்பகுதியில் தன் சின்னம், அணிவகுப்புக்கு முன்னால் தன் பதாகை, பிள்ளைகளின் நிழற்படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்தும் உரிமை. மாதிரிச் சட்டையையும் காட்டினார்கள். பள்ளிச் சின்னம் கைப்பகுதியில் 50 காசு நாணயம் அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'வள்ளுவர் இல்லம்' என்ற எழுத்தைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது!

"காசு மிச்சம்தானே சார்? குடுக்கிறவங்கள ஏன் வேணாங்கணும்?" என்று கேட்டார் ஒரு தந்தை. கம்போங் மேடான் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அவருடைய கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் விடை சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1990களில் இந்நாட்டுக் காற்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்களே, அந்த லீக்கின் பெயர் நினைவிருக்கிறதா? டன்ஹில்! சிலாங்கூர் 1995, 1996, 1997 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்ற காலம் அது. டன்ஹில் என்பது ஒரு வெண்சுருட்டின் பெயர் என்று அறிவதற்கு முன்பே, அதைக் காற்பந்தின் பெயராக அறிந்தவர்கள் நாம். தொலைக்காட்சியில் வெண்சுருட்டு விளம்பரம் அப்போது தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் தடையின் வாசகத்தை நம்மைவிடக் கவனமாகப் படித்தவர்கள் அந்நிறுவனத்தார். சுருட்டைக் காட்டக்கூடாது, பெயரைக் காட்டலாம். எனவே பெயர் திடலோரம் நின்றது; இசைநிகழ்ச்சிகளிலும் 'சேலம்' என்ற பெயரில் ஏறியது (நம் ஊர்ச் சேலமன்று, அதுவும் வெண்சுருட்டுதான்). பீட்டர் ஸ்டைவசண்ட் சுற்றுலா விற்றது. 1993 விதிமுறைகளுக்குப் பின்னும் இந்தச் சந்து அடைபடவில்லை. 2004இல் புதிய விதிமுறைகள் வந்த பிறகே டன்ஹில் லீக்கை விட்டு வெளியேறியது.

இஃது இங்கே பிறந்த தந்திரமன்று. அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சி வெண்சுருட்டு விளம்பரங்களுக்கு 1971 சனவரி 2இல் தடை வந்தது. அதே ஆண்டில் அங்கு நாஸ்கார் கார்ப் பந்தயத் தொடருக்கு வின்ஸ்டன் என்ற வெண்சுருட்டின் பெயர் சூட்டப்பட்டது. 2003 வரை அப்பெயரே நிலைத்தது. இலங்கை அணி லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற 1996ஆம் ஆண்டுப் போட்டியின் பெயர் என்ன? வில்ஸ் உலகக் கிண்ணம். அதுவும் வெண்சுருட்டே.

"பானமும் புகையிலையும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றல்ல, ஒன்றெனச் சொன்னால் நான் பொய்யன். உத்திதான் ஒன்று. ஒரு பிள்ளை மகிழ்ந்திருக்கும் வேளையில், வென்றிருக்கும் வேளையில், அருகில் போய் நின்றுகொள்வது அந்த உத்தி. 1934இல் ஆஸ்திரேலியாவில் அறிமுகமான மைலோவின் பெயரே ஒரு கிரேக்க மல்லனின் பெயர். விளையாட்டு நாளில் அந்தப் பச்சை வண்டியின் முன் வரிசையில் நின்று, குடித்து முடித்து, மறுபடியும் வரிசையில் போய் நின்றவன்தான் நானும். வீட்டில் எப்படிக் கலக்கினாலும் அந்தச் சுவை வருவதில்லை என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் அந்த உத்தி எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் கூடுதல். அதே ஆண்டு சூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது அரசு. அரசு வரி போட்டுக் குறைக்க நினைக்கும் பொருளுக்கு நம் பிள்ளைகள் கூலியின்றிப் பதாகை தூக்க வேண்டுமா?

"கோவிலில் உபயம் வாங்குவதில்லையா?" என்றும் ஒருவர் கேட்டார். வாங்குகிறோம். குழல்விளக்கில் உபயகாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பது பற்றி நம்மிடையே பழைய கேலியே உண்டு. ஆனால் சாமியின் நெஞ்சில் தன் பெயரை எழுதச் சொல்லி எந்த உபயகாரரும் கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியவிருக்கும் தீர்மானம் இதுதான். நன்கொடையை வாங்குவோம், கொடுத்தவர் பெயரை நிகழ்ச்சி நூலில் அச்சிடுவோம், மேடையில் நன்றி சொல்வோம். பிள்ளைகளின் உடலில் எந்த வணிகச் சின்னமும் இருக்கக்கூடாது. நிழற்படம் தருவதற்கில்லை. திடலில் தண்ணீரும் பழமும் போதும். நிறுவனம் இதற்கு உடன்படவில்லையென்றால், சென்ற ஆண்டுச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் ஓடட்டும். சட்டை சிறுத்துப்போனவர்களுக்கு அண்ணன் அக்காள் சட்டைகளைத் திரட்டித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

வழிமொழிய ஒருவர் வேண்டும். என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தந்தையே எழுந்து நின்றால் மிகவும் மகிழ்வேன்.