நாலு பக்க உயில்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பன் ஒருவன் வந்து, "மாப்ள, உயில் எழுதணும், கூட வா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயது முப்பத்தாறு. சர்க்கரை, பி.பி. எதுவும் கிடையாது. ஒரு முழுப் பிரியாணியை ஒற்றை ஆளாக முடிக்கிற ஆரோக்கியம்.

"உடம்புக்கு என்னடா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷமாச்சு. நாளைக்கே நான் பஸ்ல அடிபட்டுப் போயிட்டா, நாகல் நகர் வீடு யாருக்கு?"

"உன் மகளுக்கு."

"அவளுக்கு ஒன்பது வயசு. இருக்கிறது அவங்கம்மாகிட்ட. அப்ப வீடு யார் கைக்குப் போகும்?"

அடியேன் பி.காம். பற்று தெரியும், வரவு தெரியும். இது இரண்டிலும் அடங்காத கணக்கு. பழக்கமான வக்கீல் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

நண்பன் முத்திரைத்தாள் வாங்கி, நாலு பக்கம் எழுதியே வைத்திருந்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பூட்டு தோற்றது, பக்கத்துக்குப் பக்கம் பூட்டு! அத்தனையும் மாஜி மனைவிக்கு எதிராக. மகள் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது.

வக்கீல் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "முத்திரைத்தாள் எதுக்கு தம்பி? வெள்ளைத்தாளே போதும். நீங்க கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சி போடணும். பதிவு பண்றது கட்டாயமில்லை, பண்ணிட்டா நல்லது. சாட்சி யாரு?"

"எங்க பெரியப்பா சார். எண்பத்திரண்டு."

"நாளைக்குத் தகராறுன்னா சாட்சியில ஒருத்தராவது கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். உங்களுக்கு அப்புறமும் இருக்கிற ஆளாப் பாருங்க."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். (எனக்கும் முப்பத்தாறுதான்.)

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி விவாகரத்தான மனைவி வாரிசே இல்லை. உயில் எழுதாமல் போனாலும் இவன் சம்பாதித்துக் கட்டிய வீடு மகளுக்கும் இவன் அம்மாவுக்கும் சரிபாதி. ஆக, முக்கால்வாசிப் பூட்டு தண்டம்.

"பி.எஃப்., பாங்க், இன்ஷூரன்ஸ்ல நாமினி யாரு?" என்றார் வக்கீல்.

பதில் இல்லை. எல்லாம் கல்யாணமான புதுசில் ஆசை ஆசையாக நிரப்பிய படிவங்கள்!

"கோர்ட் தீர்ப்பு பாங்குக்கு நடந்து போய் ஃபாரத்தைத் திருத்தாது தம்பி. நீங்கதான் போகணும்."

"சரி சார். பாப்பாவுக்கு கார்டியனா என் தம்பியைப் போட்டிருக்கேன்."

"செல்லாது."

நண்பன் முகம் செத்துவிட்டது. தாய் உயிரோடிருக்கும்போது, தகப்பன் உயிலில் யாரைக் கார்டியனாகப் போட்டாலும் பலிக்காதாம். அதுவும் 1956 சட்டம்தான். தகப்பனுக்குப் பிறகு தாய். தகப்பன் இருக்கும்போதேகூட, அவர் பிள்ளையின் பொறுப்பில் இல்லையென்றால் தாயே கார்டியனாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொல்லிவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கு அது. மகன் பெயரில் பத்திரம் வாங்க அவர் கார்டியனாகப் போட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. அதில் ஆரம்பித்தது. கூடவே விசாரித்த இன்னொரு வழக்கு, விவாகரத்தில் நின்ற தம்பதியுடையது.

"அப்ப அவ வீட்டை வித்துருவாளே சார்!"

"மைனர் வீட்டை கோர்ட் அனுமதி இல்லாம கார்டியன் விக்கக் கூடாது. மீறி வித்தா, பொண்ணு பெரியவளாகி ரத்து பண்ணலாம். அம்மாவுக்கு மட்டுமில்ல, அப்பாவுக்கும் அதே சட்டம்தான்."

அப்புறம்தான் வழி சொன்னார். தம்பியை கார்டியனாகப் போடாமல், உயிலை நிறைவேற்றுபவராகவும் டிரஸ்டியாகவும் போடலாம். வீட்டு வாடகை பள்ளிக்கூடச் செலவுக்கு. இருபத்தொரு வயதில் வீடு மகள் கையில். "பிள்ளையை அவங்கம்மா பார்த்துக்கட்டும். காசை உங்க தம்பி பார்த்துக்கட்டும்."

வெள்ளைத்தாளில் புதிதாக எழுதியதில் ஒரே பக்கத்தில் முடிந்தது. மகள் பெயர் ஏழு இடத்தில் வந்தது. (எண்ணினேன். தொழில் புத்தி.)

கிளம்பும்போது வக்கீல் கேட்டார்: "இப்படி ஒரு உயில் இருக்குன்னு யார்கிட்ட சொல்லப் போறீங்க? யாருக்கும் தெரியலைன்னா பீரோவுலயே கிடக்கும்."

சாயந்திரம் டீக்கடை வாசலில் நண்பன் ரொம்ப நேரம் செல்போனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு நம்பரைப் போட்டான். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"ம்... நான்தான். பாப்பா என்ன பண்றா?... இல்ல, ஒரு பேப்பர் விஷயம்... ஐயோ, கோர்ட் பேப்பர் இல்லம்மா!"