பிடிபட்ட மாத்திரைக்குக் கணக்கு இருக்கு... மீண்டு வந்தவர்களுக்கு?

கோவையில் சரவணம்பட்டி, சூலூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு அதிகாலை ரெய்டு இப்போது பழகிப்போன விஷயம். கதவைத் தட்டுவார்கள், பையைக் கொட்டுவார்கள், பைக் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் போட்டோ வரும். மேசை மேல் கஞ்சா பொட்டலமும் மாத்திரை அட்டைகளும், பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் பையன்கள். எத்தனை கிலோ, எத்தனை அட்டை என்று கிராம் சுத்தமாகக் கணக்கு இருக்கும்.

வாங்கிப் போட்ட பையன் என்ன ஆனான் என்பதற்கு மட்டும் அப்படி ஒரு கணக்கு வெளியே வருவதில்லை.

விற்பவனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவனுக்கு சப்ளை நின்ற அன்றே நோய் போய்விடாது. அன்றைக்குத்தான் அது முழுசாகத் தெரியவே ஆரம்பிக்கும்.

வலி மாத்திரை எப்படி ஊசிக்குள் போனது?

சில வருடங்களாகத் தமிழக நகரங்களில் அடிபடும் பெயர் டேபென்டடால். கடும் வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் கொடுக்கவேண்டிய மாத்திரை. மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது. இதேபோல வேலை செய்யும் டிராமடால், 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டேபென்டடாலை அப்போது யாரும் தொடவில்லை. ஒரு கதவைச் சாத்தினால் பக்கத்துக் கதவு திறக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா என்ன?

விழுங்கினால் ஒரு மாதிரி, கரைத்து ஊசியில் ஏற்றினால் வேறு மாதிரி என்று யாரோ ஒரு சீனியர் சொல்லிக்கொடுக்கிறான். ‘மாத்திரைதானடா மச்சி, கஞ்சாவா என்ன... ஒண்ணும் ஆகாது!’ மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதால் ஆபத்து குறைவு என்ற எண்ணம்தான் இதில் பெரிய பொறி. மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. அதை உருட்டிப் பிடித்து வைக்க டால்க், மாவு மாதிரியான பொருள்களும் இருக்கும். இவை தண்ணீரில் முழுசாகக் கரையாது. ரத்தக் குழாயை அடைக்கும், கையில் புண்ணாகும், நுரையீரல் வரை போய்த் தங்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி வேறு. ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்கள் இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொன்னது.

நிறுத்த நினைத்தால்? கடைசி டோஸ் போட்ட சில மணி நேரத்தில் கொட்டாவியும் மூக்கொழுகலும் ஆரம்பிக்கும். பிறகு உடம்பெல்லாம் வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமே வராது. இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்துவிட்டு ஒரு வாரத்தில் மெல்லத் தணியும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்த மூன்று நாளைத் தனியாகத் தாண்ட முடியாமல்தான் பையன் மறுபடி அந்த நம்பருக்கு போன் போடுகிறான். மதுவின் கதை வேறு. தினமும் அளவில்லாமல் குடித்தவர் டாக்டரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். ‘வைராக்கியம் இருந்தா விட்டுடலாம்’ என்று அறிவுரை சொல்லும் மாமாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

‘ஹோம்ல போட்டுட்டோமுங்க’

வீட்டுக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். முதலில், ‘எம் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க, சேர்க்கை சரியில்ல’ என்பார்கள். அப்புறம் ஒருநாள் ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போவார்கள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் ‘ஹோம்’, மூன்று மாசப் பேக்கேஜ். சொந்தக்காரர்கள் கேட்டால் ‘பெங்களூர்ல டிரெய்னிங்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

நல்ல மையங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்ட முன்னோடி. ஆனால் போர்டு மாட்டிய எல்லா இடமும் அப்படி இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன்படி போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அப்படியானால் இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியில் கட்டிப்போடுவது எந்த வடிவிலும் கூடாது. தானாக வந்து சேர்ந்த, 18 வயது முடிந்தவர் போகிறேன் என்றால், சட்டம் சொல்லும் சில சூழ்நிலைகள் தவிர, அனுப்பித்தான் ஆகவேண்டும். சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் தினமும் வருவாரா என்று கேளுங்கள். ஏசி ரூமைப் பற்றிப் பேசிப் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் மூன்று மாதம் முடிந்து வெளியே வரும் நாளில் இருக்கிறது. இத்தனை நாள் எடுக்காததால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய ரூம், பழைய நண்பன், பழைய அளவு. முன்பு தாங்கிய அதே டோஸ் இப்போது மூச்சை நிறுத்திவிடும். பூட்டி வைத்து மட்டும் அனுப்புவது இப்படித்தான் சாவில் கொண்டுபோய் விடுகிறது. இந்த வகைப் பழக்கத்துக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சிகிச்சை. ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இது இலவசம். ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள், சர்க்கரை நோயாளியின் இன்சுலினை அப்படிக் கேட்பதில்லை.

போனால் போலீஸ் வருமா?

பையன்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒதுங்காததற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒரு அடிமை, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை நடவடிக்கை இல்லை. பாதியில் ஓடிவிட்டால் பாதுகாப்பும் போகலாம். மனநலச் சட்டமோ, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி போகிறார்கள். அந்த மேடையில் இந்த 64-ஏ பற்றி இரண்டு நிமிடம் பேசலாமே? பேசாதது மட்டுமல்ல, மாட்டிய பையனுக்கு டி.சி.யைக் கொடுத்து அனுப்பும் கல்லூரி, அவன் காலையில் எழுந்து போக இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிவிடுகிறது.

அதே எய்ம்ஸ் ஆய்வில் இன்னொரு கணக்கு உண்டு. சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் உள்நோயாளி சிகிச்சை வரை போயிருக்கிறார். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு உதவி கிடைத்தவர் 38 பேரில் ஒருவர்.

தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. நல்ல தொடக்கம். 14446 என்ற தேசிய உதவி எண்ணும், டெலி மனஸ் 14416-ம் இலவசமாகப் பேசக் கிடைக்கின்றன. ஆனால் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு கொடுப்பது காலையில். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப்போகும் 23 வயதுப் பையனுக்கும், அட்டெண்டன்ஸ் போனால் எக்ஸாம் எழுத முடியாத மாணவனுக்கும் அந்த நேரம் ஒத்துவராது. பொது வார்டின் வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்பாரோ என்ற பயம் வேறு. சாயங்காலம் 5 மணி முதல் 8 மணி வரை, தனி வாசலோடு, வாரம் மூன்று நாள் ஒரு ஓ.பி. நடத்த எத்தனை டாக்டர் வேண்டும்? ஒரு மனநல மருத்துவர், ஒரு கவுன்சிலர், ஒரு நர்ஸ். மாத்திரை விற்கிறவன் ராத்திரி 11 மணிக்கும் போனை எடுக்கிறான்.