வராதவரின் காது

ஒரு பாடல் கேட்பவரிடம் போய்ச் சேரும் முன் அதை வைத்திருக்கும் கடைசிக் கை மாஸ்டரிங் பொறியாளருடையது. ஒலியின் அளவு, அடித்தளம், கூர்மை, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி என எல்லாவற்றுக்கும் அங்கேதான் முடிவு கட்டப்படுகிறது. சென்னையிலும் மதுரையிலும் வீட்டறைகளில் உருவாகும் தனியிசைப் பாடல்கள் இன்று இந்த வேலைக்காக இணையத்தில் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்த் திரும்புகின்றன. பாடியவரும் மாஸ்டரிங் செய்தவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். பல நேரம் ஒரு தொலைபேசிப் பேச்சுகூட நடந்திருக்காது.

இந்த ஏற்பாட்டில் தவறில்லை. அமெரிக்காவின் பாப் லட்விக் 1990-களில் நியூயார்க்கைவிட்டு விலகி, மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் என்ற சிறு நகரில் கூடம் அமைத்து வேலை பார்த்தார். உலகின் பெரிய இசைக்குழுக்களின் பதிவுகள் அங்கே தேடிப் போயின. நேரில் வராமலிருப்பதில் நன்மையும் உண்டு. பழக்கமில்லாத அறையில், விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளின் முன் உட்கார்ந்தால் எதுவும் பிரமாதமாகத்தான் கேட்கும். தன் வீட்டில், தன் ஹெட்போனில், தினமும் போகும் காரில் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு அதைவிட நம்பத்தக்கது.

ஆனால் ஆள் வராதபோது ஆளோடு சேர்ந்து வேறு சிலவும் வராமல் போகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் சுளித்தால் பொறியாளரின் கை நின்றுவிடும். ‘அந்த இடத்தில் குரல் உடையட்டும், அப்படித்தான் பாடினேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு திருத்தமே தேவையில்லாமல் போகும். அறையில் தானாக நடந்த அந்தப் பேச்சை இப்போது நாம் முயன்று நடத்த வேண்டியிருக்கிறது. நடத்த வேண்டியவர் யார் என்பதில்தான் எல்லோரும் அடுத்தவரைப் பார்க்கிறோம்.

2008-ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு ராக் ஆல்பங்கள் இதற்கு நல்ல பாடம். செப்டம்பரில் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ வந்தது. ஒலி அளவுக்கு மீறி அழுத்தப்பட்டு, பல இடங்களில் கரகரத்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் அந்த அழுத்தம் குறைவாக வந்திருந்ததால் ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே வந்தது: குரலையும் கருவிகளையும் கலந்த மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று அவர் வருந்தியிருந்தார். நவம்பரில் கன்ஸ் அன் ரோசஸின் ‘சைனீஸ் டெமாக்ரசி’. லட்விக் அதை மூன்று விதமாகச் செய்து கொடுத்தார். குழுவினர் தேர்ந்தெடுத்தது, ஏற்ற இறக்கம் அதிகம் காப்பாற்றப்பட்டிருந்த பதிப்பை. அந்த முடிவைக் கேள்விப்பட்டுத் தாமே வியந்துபோனதாக அவர் பின்னால் எழுதினார். முதல் கதையில் மாஸ்டரிங் பொறியாளரின் கையில் எதுவும் மிச்சமில்லை. இரண்டாவதில் அவர் தேர்வுகளை முன்வைத்தார், எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டு முடிவெடுத்தார்கள். இரு பக்கத்தினரும் சேர்ந்து செய்தால்தான் அந்த வேலை முடியும்.

நம் இசைக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று இருக்கிறது. நாதஸ்வரத்தின் சீறலைக் கேட்டு வளராத ஒருவருக்கு அது குறைக்கப்பட வேண்டிய கூர்மையாகத் தெரியலாம். தம்புராவின் ஜீவாளி எழுப்பும் ரீங்காரம் பின்னணி இரைச்சலாகத் தோன்றி, சுத்தம் செய்யப்பட்டுவிடலாம். தவிலின் முதல் அடி, ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரில் மாட்டினால் மொத்தையாகிவிடும். பறையில் குச்சி தோலில் படும் அந்த நொடியை மழுக்கிவிட்டால் மீதி என்ன இருக்கிறது? இதைச் செய்பவர் திறமையற்றவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தையற்காரரிடம் துணி கொடுக்கும்போது அளவு ரவிக்கையும் சேர்த்துக் கொடுக்கிறோம். பாட்டைக் கொடுக்கும்போது மட்டும் ஏன் வெறும் கோப்பை அனுப்பிவிட்டு ‘நல்லா பண்ணிடுங்க’ என்கிறோம்? இந்த நாதஸ்வரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு நமக்குப் பிடித்த இரண்டு பதிவுகளை உடன் அனுப்புவது அரைமணி நேர வேலை. அதைச் செய்ய வேண்டியவர் கலைஞர்தான்.

மிக்ஸிங் செய்பவரின் பொறுப்பு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டுவதற்காக, மொத்த ஒலியும் சேரும் மாஸ்டர் பஸ்ஸில் போட்ட லிமிட்டரைக் கழற்றாமலே அனுப்புவது இங்கே சாதாரணமாகிவிட்டது. எம்பி3-ஆக அனுப்புவதும் உண்டு. நான்கு நிமிடப் பாடல் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக ஏறத்தாழ 69 எம்பி இருக்கும். அதை அனுப்பச் சோம்பி, மாதக்கணக்கில் உழைத்ததைச் சுருக்கி அனுப்புகிறோம். உச்ச அளவு குறைவாக இருந்தால் தரம் போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 24 பிட்டில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் கணக்கு. உச்சத்தில் 6 டெசிபல் இடம் விட்டால் ஒரே ஒரு பிட்தான் குறையும், எந்தக் காதும் அதை உணராது. அந்த இடம்தான் அடுத்தவர் வேலை செய்வதற்கான இடம்.

மாஸ்டரிங் பொறியாளருக்கு வருவோம். 2014-லேயே ‘லேண்டர்’ போன்ற தானியங்கிச் சேவைகள் வந்துவிட்டன. கோப்பை ஏற்றினால் சில நிமிடங்களில் மாஸ்டர் தயார். இருந்தும் மனிதரைத் தேடி வருபவர், கேள்வி கேட்கும் ஒருவரை எதிர்பார்த்தே வருகிறார். இது திரைக்கா, ஓடைத்தளத்துக்கா, கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கா? ஆல்பத்தின் வரிசை என்ன? கடைசி ஒப்புதல் யாருடையது? வேலை தொடங்கும் முன் இவற்றைக் கேட்பதும், மிக்ஸில் கோளாறு இருந்தால் மறைக்கப் பார்க்காமல் திருப்பி அனுப்புவதும் அவர் கடமை. எத்தனை கரெக்ஷன் வரை கட்டணத்தில் அடங்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏழாவது கரெக்ஷனில் வரும் மனக்கசப்புக்கு இசை காரணமாக இருப்பதில்லை.

‘சத்தம் பத்தல’ என்ற புகாரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து வேலை பார்க்கும் எல்லோரும் கேட்டுக் களைத்த வாக்கியம் அது. நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரே பாட்டை இரண்டு அளவில் ஒலிக்கவிட்டால் சத்தமாக ஒலிப்பதுதான் மேலானதாகத் தோன்றும். அறையில் இருந்தால் பொறியாளர் இரண்டையும் சம அளவில் வைத்து ஒப்பிட்டுக் காட்டிவிடுவார். வீட்டில் தனியே கேட்பவர் கைப்பேசியில் ஏதோ ஒரு திரைப்பாடலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டுச் செய்தி அனுப்புகிறார். பொறியாளரும் வாடிக்கையாளரை இழக்க அஞ்சி இன்னும் அழுத்துகிறார். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாடல்களைச் சுமார் −14 எல்.யூ.எஃப்.எஸ். (காதில் உணரப்படும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்துதான் ஒலிபரப்புகிறது. −7-க்கு நசுக்கிக் கொடுத்த பாட்டின் சத்தத்தை அது குறைத்துவிடும். சத்தமும் கிடைக்காது, இழந்த உயிர்ப்பும் திரும்பாது. வெளியீட்டு நிறுவனங்கள் இதை அறிந்தும் சத்தத்தைக் கேட்டு வற்புறுத்துவதை நிறுத்த வேண்டும். சம அளவில் ஒப்பிட்டுக் கேட்ட பிறகே கருத்து அனுப்புவது என்று கலைஞர்களும் உறுதி கொள்ள வேண்டும்.

குறியீட்டையும் பெயர்களையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்க்க வேண்டும். 12 எழுத்து-எண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளம். பாடகியின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டால் தளங்களில் மூன்று பாடகிகள் உருவாகிவிடுவார்கள். தவில் வாசித்தவரின் பெயர் விடுபட்டால் அவருக்காகக் கேட்பதற்கே ஆள் இருக்காது.

இதற்கெல்லாம் சட்டமோ வாரியமோ வேண்டாம். தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும்: பாட்டு எதைப் பற்றியது, எவை மாறக்கூடாது, முன்மாதிரிப் பதிவுகள், கோப்பின் தன்மை, எத்தனை கரெக்ஷன், யார் ஒப்புதல், யார் யார் பெயர்கள். கலைஞர், மிக்ஸிங் செய்தவர், மாஸ்டரிங் செய்பவர், வெளியிடுபவர் ஆகிய நால்வரும் தத்தம் பகுதியை நிரப்பிய பிறகே வேலை தொடங்குவது என்று நாமே ஒத்துக்கொள்ளலாம். தரமணியின் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலும் தனியார் ஒலிப்பதிவுப் பள்ளிகளிலும் கருவிகளைக் கற்பிக்கும்போது இந்தப் பக்கத்தை நிரப்பவும் கற்பிக்கலாம். அழுத்தம் போடாத 24 பிட் மிக்ஸின் நகல் கலைஞரிடம் ஒன்று, பொறியாளரிடம் ஒன்று என இரண்டு இடங்களில் இருக்க வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தின் கடைசி வரியாகச் சேர்த்துவிடலாம். அனுப்பக் காத்திருக்கும் அடுத்த பாட்டிலேயே இதைத் தொடங்குவோம்.