கிண்ணத்தை மறைக்க வேண்டா

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு பாரசீகச் சித்திரம் உள்ளது. 1627ஆம் ஆண்டில் முகம்மது காஸிம் என்னும் ஓவியர் மையினால் கோடிழுத்து, வண்ணமும் பொன்னும் கூட்டி வரைந்தது. மரநிழலில் ஷா அப்பாஸ் மன்னர். அவரருகே மது வழங்கும் இளைஞன். இதையொத்த சித்திரங்கள் அக்காலத்து இஸ்பஹானில் பல பிறந்தன.

இவற்றின் அச்சுப் பிரதிகள் 'இஸ்லாமியக் கலை' என்னும் தலைப்போடு இன்று நம் இல்லங்களுக்கும் வருகின்றன. "மது ஹராம் என்கிறீர்களே, இது என்ன?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். ஒரு சாரார் "அந்த ஏட்டைக் கிழித்தெறி" என்கின்றனர். மற்றொரு சாரார், "அது மதுவன்று, இறைக்காதல், கிண்ணமன்று, உள்ளம்" என்று நயம்பட முடித்துவிடுகின்றனர். இரண்டும் பிழை. இரண்டாவது, முதலாவதைவிடக் கேடு பயப்பது.

சூபிக் கவிதையில் மது குறியீடாக வருவதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் கவிதைக்குரிய சலுகையை அரண்மனைச் சித்திரம் அனைத்திற்கும் வழங்க நமக்கு என்ன உரிமை? ஷா தஹ்மாஸ்ப் 1530களில் மதுவைக் கைவிட்டுத் தவ்பாச் செய்தார். அவர் கைவிட்டது குறியீட்டையா? 1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர், மது காய்ச்சுவதையும் விற்பதையும் தடுத்து ஆணையிட்டார். தாம் இளமை முதல் குடித்துவந்ததையும் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். மன்னரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

திருக்குர்ஆனின் 5:90ஆம் வசனம் மதுவைத் தடுக்கிறது. அரண்மனைக்கு ஒன்று, குடிசைக்கு ஒன்று என்று அது விதி வகுக்கவில்லை. அரசர் மீறினார் என்பதால் மீறல் மார்க்கமாகிவிடாது. 'இஸ்லாமியக் கலை' என்பது முஸ்லிம்கள் ஆண்ட நாடுகளின் கலைக்கு அறிஞர்கள் இட்ட பெயர். அது ஃபத்வா அன்று.

கிழிக்கச் சொல்வோரும் சற்றே சிந்திக்கட்டும். பார்சி நமக்கு அந்நியமான மொழியா? 1749இல் ஆம்பூர்ப் போர்க்களத்தில் வீழ்ந்த நவாப் அன்வருத்தீன் கானின் தர்பாரில் அதுவே அரசு மொழி. அம்மொழியின் எழுத்தழகையும் ஓவியத்தையும் வளர்த்தவை ஒரே பட்டறைகள். தோல் அட்டையிட்ட தொகுப்பேடுகளில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வாழ்ந்தன. கிண்ணத்தின்மீது சினங்கொண்டு கிழித்தால், அந்தக் கைத்திறனும் சேர்ந்தே அழியும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! ஆவாரம்பட்டையில் பதமான தோலைத் தரம் பிரிப்பவர் என்ன செய்கிறார்? வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். கத்திவெட்டு இருந்தால் அதற்குரிய தரத்தில் வைக்கிறார். ஓட்டையை மறைத்து முதல் தரமென விற்பவனிடம் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். ஓர் ஓட்டைக்காக முழுத்தோலையும் குப்பையில் எறிபவன் தொழிலையே இழப்பான்.

சித்திரத்தையும் அவ்வாறே வெளிச்சத்தில் விரிப்போம். மன்னர் குடித்தார், மார்க்கம் தடுத்திருந்தது, வரைந்த கை தேர்ந்த கை. இம்மூன்றையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்வோம். மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி இன்று நாம் ஒரு பொய் சொன்னால், நாளை கல்லூரி நூலகத்தில் அவர்கள் உண்மையைக் காண்பார்கள். அன்று அவர்கள் ஐயுறுவது ஷா அப்பாஸை அன்று, நம்மை. தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் அதே வாயால் நாம் சொன்னவற்றையும் சேர்த்தே ஐயுறுவார்கள்.