மரத்தில் வாழும் மலர்

பெரம்பலூருக்கு மேற்கே நிற்கும் பச்சைமலையின் சரிவுகளிலும், கீழ்நாட்டு முதிய மா, புளி மரங்களிலும், தடித்த வெண்ணிற வேர்களாற் கிளைகளைத் தழுவி வாழும் ஆர்க்கிட் இனச் செடியொன்றுண்டு. வாண்டா டெசலேட்டா என்பது அதன் சாத்திரப் பெயர். வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் தாவர நூலார், கோரமண்டற் கரைச் செடிகளைக் குறித்த தம் நூலின் வாயிலாக 1795-ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு அறிவித்தார். கட்டங் கட்டமாய்க் கோடிட்ட மங்கிய மஞ்சள் இதழ்களும், நீலச் சாயல் படிந்த உதடும், இனிய மணமும் உடையது இதன் மலர்.

இத்துணை அரிய செடியை நம்மவர் பகையாலும் அழிக்கின்றனர், அன்பாலும் அழிக்கின்றனர்.

பகையாவது, இதனைப் புல்லுருவியென மயங்கி அறுத்தெறிதல். புல்லுருவி மரத்தினுள் வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சும். இதுவோ பட்டையின்மேல் தங்குவதன்றி மரத்தினின்றும் உணவு கொள்வதில்லை. பஞ்சு போன்ற உறையுடைய இதன் வேர்கள் மழையையும் பனியையும் பருகிப் பசுமை காட்டும். காய்ந்தபின் மீண்டும் வெளுக்கும்.

அன்பாவது, மலையினின்றும் பெயர்த்து வந்து, மண் நிறைந்த தொட்டியில் நட்டு, ஓயாது நீர் வார்த்தல். காற்றுக்குப் பழகிய வேர் மண்ணில் அழுகுமன்றோ? வளர்க்க விரும்புவோர் தேங்காய் நாரால் மரக்கட்டையிற் கட்டுக. அன்றேல், கரியும் ஓட்டுத்துண்டும் இட்ட கூடையில் தொங்கவிடுக. காலையிளவெயில் படவேண்டும், நண்பகல் வெயிலுக்கு நிழல் வேண்டும். காலையில் நனைத்த வேர் அந்திக்குள் உலர்தல் நன்று. அரியலூர் போன்ற வறண்ட வெளிகளிற் கோடையில் நாள்தோறும் நீர் தெளித்தல் வேண்டும், மழைநாளிற் கைவிடலாம்.

எனினும், மலைச்செடியைப் பெயர்த்தல் தகாதென்பதே எம் துணிபு. தூசி போன்ற இதன் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அது முளைத்து வளராது. இவ்வினத்து முளைப்பின் மறையைப் பிரான்சு நாட்டு நோயல் பெர்னார்ட் 1899-இல் கண்டறிந்தார். ஆகவே, பறித்த ஒன்றின் இடத்தை மற்றொன்று எளிதில் நிரப்பாது. 1922-இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் விதையை முளைப்பிக்கும் முறையை வெளியிட்டார். அவ்வழியிற் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த நாற்றுக்கள் இன்று விலைக்குக் கிடைக்கும்போது, காட்டைக் கொள்ளையிடுவானேன்?

மாணவ நண்பர்காள்! முதிய மரமொன்று வெட்டுண்டு வீழக் காண்பீராயின், அதன் கிளைகளை நோக்குமின். ஆங்கு இச்செடி இருப்பின், உரியவரிடம் இசைவு பெற்று, வேர் சிதையாமல் எடுத்து, அண்மையிலுள்ள மற்றொரு மரத்திற் கட்டுமின். நிற்கும் மரத்திலுள்ளதை நிற்கவே விடுமின். உடைமையாக்கிக் கொள்ளாது காத்தலே இம்மலருக்கு நாம் செய்யத்தக்க மேலான அன்பாகும்.