எடைக்குப் போடச் சொன்ன லேப்டாப்

மஞ்சள் வேகவெச்சுக் காயப்போட்டாச்சு. களத்துக்குக் காவல் இருக்கிற நேரத்தில், ரொம்ப நாளா மனசில் கிடக்கிற ஒரு வயித்தெரிச்சலை எழுதிவிடுகிறேன்.

எங்க அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று அட்டாலியில் கிடந்தது. 2 ஜிபி ராம், அதில் விண்டோஸ் 7. போட்டால் திரை வர ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி திறந்துகூடப் பார்க்கலை. "இதெல்லாம் எடைக்குத்தாங்கண்ணா போகும், புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மோட்டாரில் காயில் கருகினால் மோட்டாரையேவா தூக்கி வீசுகிறோம்? காயில் கட்டி ஓட்டுகிறோம். எங்க அப்பா வாங்கின மோட்டார் இன்னும் தண்ணி இறைக்குது. லேப்டாப்புக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

நியாயம் இதுதான். பொருள் நம்முடையது, அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர் அவர்களுடையது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் 4 ஜிபி ராம் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். கீபோர்டு நல்லா இருக்கு, திரை நல்லா இருக்கு, ஆனாலும் "இது செத்துப்போச்சு" என்று அங்கே உட்கார்ந்துகொண்டு தேதி குறிக்கிறார்கள். விதையை எடுத்து வைக்காதே, வருசா வருசம் எங்ககிட்ட வாங்கு என்று சொல்றவங்களுக்கும் இவங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை.

எங்க வீட்டுப் பிரச்சினை சின்னது. ஒரே ஒரு நல்ல போன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்குச் சாயங்காலம் பாட வீடியோ பார்க்க அது வேணும். அதே நேரத்தில்தான் வியாபாரி மஞ்சள் விலை சொல்லிக் கூப்பிடுவார். ராத்திரி மும்முனைக் கரண்டு வந்தால் நான் போனோடு காட்டுக்குப் போயாகணும். அன்னைக்குப் புள்ளைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டின் மூல நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கிடக்கிறது. அதை இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் ஓடும்படி மாற்றும் வேலையைத் தைவானின் சி-வெய் ஹுவாங் உள்ளிட்ட சிலர் 2009-இல் தொடங்கினார்கள். பெயர் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86. காசு கிடையாது. அக்கா பையன் கம்ப்யூட்டரில் 9.0 பதிப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினேன். லேப்டாப்பை பென்டிரைவிலிருந்து துவக்கினால், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வழி முதலில் வரும். அதில் வைஃபை, சத்தம், டச்பேட் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் மட்டும் நிறுவுங்கள். பழைய போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் முன்னாடியே எடுத்து வெச்சுக்குங்க. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் போனது போனதுதான். பிறகு எக்ஸ்ட்4 தேர்ந்தெடுத்து, 'குரப்' போடவா என்றால் ஆமாம் சொல்லணும். அவ்வளவுதான்.

"லினக்ஸ் போடலாமே" என்பீர்கள். தாராளமாகப் போடுங்கள், நல்ல சரக்கு. ஆண்ட்ராய்டின் அடிவேரும் லினக்ஸ்தான். ஆனா எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சது போன் ஒண்ணுதான். எங்க அம்மாவுக்கும் யூடியூப் எங்கே இருக்குன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட வீடியோவை ஆப்பிலேயே சேமித்து வைக்கலாம். நான் போனை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாலும் புள்ளை படிப்பு நிக்கறதில்லை.

குறையை மறைக்க மாட்டேன். இந்த 9.0 வந்தது 2020-இல். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் இப்போது வருவதில்லை. அதனால் பேங்க் வேலையை இதில் வெச்சுக்காதீங்க. பல பேங்க் ஆப்புகள் ஓடவும் ஓடாது. போன் சிப்புக்கு மட்டும் எழுதிய சில ஆப்புகள் மக்கர் பண்ணும். சிலது திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். எங்க லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போச்சு, கரண்டு போனால் அதுவும் போகும். இருக்கட்டும். கிழட்டு மாட்டை ஏரில் பூட்ட முடியாது, ஆனா சாணி போடுமே.

புதுசு வாங்க வசதி இருக்கிறவர் வாங்கட்டும். பல வீட்டு அட்டாலியிலும் இப்படி ஒரு லேப்டாப் தூசி தின்றுகொண்டிருக்கும். எடைக்குப் போட்டால் நாலு காசு வரும், சரி. அதைக் கடைக்காரர் சொன்னார் என்பதற்காகப் போடாதீங்க. ஒரு பென்டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவு பண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.

களத்துப் பக்கம் ஆடு வர்ற மாதிரி இருக்கு. எழுந்திருக்கிறேன்.