சண்டை ஆட்டத்தில் எதிராளி எங்கே அமர்வார்?

ஒரே சண்டை ஆட்டம் கையடக்கக் கருவிக்கும் வீட்டுக் கன்சோலுக்கும் வெளிவந்திருந்தால் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது தூய்மைவாதிகளுடையது. வீட்டுப் பதிப்பே மூலம். கையடக்கப் பதிப்பு அதன் சுருக்கம். மூலநூலை விட்டுத் தேர்வுக் கையேட்டைப் படிப்பவர்க்கே அது பொருந்தும் என்பார்கள். இரண்டாவது விடை பண்பாட்டாய்வு மொழியில் வருகிறது. கையடக்கக் கருவி எங்கும் செல்வது, எளியவர் கைக்கு எட்டுவது. ஆகவே அதுவே மக்கள் பதிப்பு. தொலைக்காட்சியோடு பிணைந்த பெட்டி நடுத்தர வர்க்க வரவேற்பறையின் அணிகலன் என்பார்கள். முதல் விடை வரலாறு அறியாமையால் பிழைபடுகிறது. இரண்டாவது கணக்குப் போடாமையால் பிழைபடுகிறது. கல்விப்புலத்தில் அதிகம் கைதட்டல் பெறுவது இரண்டாவதே என்பதால் அதைச் சற்றுக் கடுமையாகவே எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

தூய்மைவாதிகளிடமிருந்து தொடங்கலாம். அவர்களுக்குச் சாதகமான சான்றுகளில் ஒன்று இந்தியர்களின் உள்ளத்தைத் தைப்பது. 1991இல் ஆர்கேட் அரங்குகளுக்கு வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தில் இந்தியாவின் சார்பில் நின்றவர் தால்சிம்: கைகால்களை நீட்டித் தாக்கும் யோகி, பின்னணியில் யானைகள். இந்தியாவைப் பற்றிய வெளிநாட்டுக் கற்பனை அதில் எவ்வளவு மலிவாக இருந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. அந்த ஆட்டம் 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது தால்சிம் உடன் வந்தார். 1995இல் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு வந்தபோது மூவர் நீக்கப்பட்டனர். அம்மூவரில் தால்சிமும் ஒருவர். 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாம்பல் நிறச் சாயல்கள் கொண்ட திரையில் இந்தியருக்கு இடமில்லாமற் போயிற்று.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, கையடக்கம் என்றாலே குறை" என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் வீட்டுக் கன்சோல்களும் அப்படியொன்றும் முழுமையின் காவலர்களாக இருந்ததில்லை. ஆர்கேட் பெட்டியில் மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பொத்தான்கள். சேகாவின் மெகா டிரைவ் வீட்டுக் கன்சோல்தான். அதன் தொடக்கக்காலக் கைப்பிடியில் இருந்தவை மூன்று தாக்குபொத்தான்கள். ஆறு பொத்தான் கைப்பிடி கையில் இல்லாதவர்கள், ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் இடையே மாறிமாறி ஆடினார்கள். 'மார்ட்டல் காம்பட்' இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. 1993இல் சூப்பர் நின்டெண்டோ என்னும் பெரிய வீட்டுக் கன்சோலுக்கு வந்த பதிப்பில் குருதி நீக்கப்பட்டு வியர்வை தெறித்தது. அதே ஆண்டு சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியரில், இரகசியக் குறியீட்டை அழுத்தினால் குருதியே தெறித்தது. உள்ளடக்கத்திற்கு உண்மையாக இருப்பது என்ற அளவுகோலை வைத்தால், இந்த ஓர் இடத்தில் சிறிய கருவி பெரிய கருவியை வென்றுவிடுகிறது. கருவியின் பருமனைக் கொண்டு மூலபாடத்தை முடிவு செய்ய இயலாது.

இதைத் திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கக்கூடாது. எஸ். வையாபுரிப்பிள்ளை தமிழ்த்துறையில் பணியாற்றிய பல்கலைக்கழகம் இது. காரியவட்டம் வளாகத்தில் மொழியியல் துறையும் தமிழ்த் துறையும் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உள்ளன. ஓலைச்சுவடியைப் படித்தவர் எவரும் அறிவார்: ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும், காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். ஊடகத்தின் எல்லை காரணமாக மொழியின் வேறுபாடுகள் சில எழுத்தில் மழுங்கிவிடுகின்றன. அதற்காக எந்தப் பதிப்பாசிரியரும் சுவடியைக் 'குறைப்பாடம்' என்று தள்ளவில்லை. மழுங்கிய வேறுபாட்டை இடத்தைக் கொண்டும் யாப்பைக் கொண்டும் மீட்டெடுத்தார்கள். கையடக்கப் பதிப்பைச் 'சுருக்கம்' என்று இகழும் தமிழ் ஆய்வாளர், தம் துறையின் அடித்தளத்தையே மறந்து பேசுகிறார்.

கேம் பாய் பதிப்பு செய்த வேலையும் மொழியியல் மாணவருக்கு மிகவும் பழக்கமானது. ஆறு பொத்தான்களை இரண்டில் அடக்க வேண்டும். அழுத்தும் கால அளவைக் கொண்டு வேறுபாட்டைக் காப்பாற்றினார்கள்: சுருக்கமாக அழுத்தினால் மெல்லடி, நீட்டி அழுத்தினால் வல்லடி. குறில், நெடில். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டு மாத்திரையை அளந்த தொல்காப்பிய மரபினர்க்கு இது புதிதன்று. மிகச் சிக்கனமான தீர்வு என்று பாராட்டவும் தோன்றும்.

ஆனால் இங்கேதான் சுவடி ஒப்புமை உடைகிறது. உடையும் இடத்தைக் கவனிக்காமல் ஒப்புமையை இழுத்துக்கொண்டு போவதுதான் 'மக்கள் பதிப்பு' அணியினரின் தவறு. சுவடியைப் படிப்பவர்க்கு நேரம் உண்டு. ஒரு வரியில் எகரமா ஏகாரமா என்று ஐயம் எழுந்தால் மீண்டும் படிக்கலாம். மறுநாள் வந்து படிக்கலாம். சண்டை ஆட்டத்தில் மறுவாசிப்புக்கு இடமில்லை. நீட்டி அழுத்துவதற்குச் செலவாகும் காலம், அடிக்கும் காலத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. பொத்தானில் மிச்சப்படுத்தியதைக் காலத்தில் கொடுக்கிறார்கள். காலமோ இந்த ஆட்டத்தின் ஒரே செல்வம்.

எண்களில் பார்ப்போம். இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன; ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. 'டெக்கன்' வரிசையில் பெரும்பாலான வீரர்களின் மிக விரைவான குத்து 10 ஃபிரேமில் விழும். கண்ணால் கண்டு கையால் எதிர்வினை ஆற்ற மனிதருக்குச் சுமார் கால் நொடி, அதாவது 15 ஃபிரேம், வேண்டும். ஆகவே அந்தக் குத்தைக் கண்டு தடுப்பது இயலாது. வரும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் தடுக்க வேண்டும். உரையாடலின் முறைமாற்றத்தைப் பற்றி சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புலப்படும். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஸ்டிவர்ஸ் குழுவினரின் ஆய்வு, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலான சராசரி இடைவெளியைச் சுமார் 200 மில்லிநொடி என்று காட்டியது. ஆட்டக் கணக்கில் 12 ஃபிரேம். ஒரு சொல்லைத் திட்டமிட்டு உச்சரிக்கவே அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், கேட்பவர் பேச்சு முடியுமுன்பே அதன் முடிவைக் கணித்துத் தம் விடையைத் தொடங்கிவிடுகிறார் என்றே கொள்ள வேண்டும். சண்டை ஆட்டக்காரர்களும் 'இப்போது என் முறை' என்றே பேசுகிறார்கள். சண்டை ஆட்டம் இருவர் உரையாடல். அதனால் பதிப்பைத் தேரும்போது முதலில் கேட்க வேண்டியது திரையின் தெளிவையோ வீரர் எண்ணிக்கையையோ அன்று. எதிராளி எங்கே அமர்கிறார் என்பதை.

வீட்டுக் கன்சோலில் அவர் பக்கத்தில் அமர்கிறார். அவருடைய பொத்தான் ஓசை கேட்கிறது. தோற்கும் தறுவாயில் அவர் மூச்சு மாறுவது தெரிகிறது. கணிப்புக்கு வேண்டிய குறிப்புகளுள் பாதி திரைக்கு வெளியே உள்ளவை. கையடக்கக் கருவியில் அவர் வேறொரு கருவிக்குப் பின்னால் இருக்கிறார்; பெரும்பாலும் இல்லவே இல்லை, அவருடைய இடத்தில் கணினி இருக்கிறது.

இனிக் கணக்கு. 2009இல் 'டெக்கன் 6' பிளேஸ்டேஷன் 3க்கும் பிஎஸ்பிக்கும் வெளிவந்தது. பிஎஸ்பி பதிப்பு நேர்த்தியானது. வீட்டுப் பதிப்பின் கதைப் பகுதி ஒன்று இல்லை என்பதைத் தவிரச் சண்டையில் பெருங்குறை சொல்ல முடியாது. ஆனால் இருவர் மோத இரண்டு பிஎஸ்பி வேண்டும்; முழு ஆட்டமாக மோத இரண்டு வட்டும் வேண்டும். வீட்டுக் கன்சோலில் ஒரு பெட்டி, ஒரு வட்டு, இரண்டு கண்ட்ரோலர். விடுதியில் பன்னிரண்டு பேர் ஆட விரும்பினால் கையடக்க வழியில் பன்னிரண்டு கருவி. கன்சோல் வழியில் அதே ஒரு பெட்டிதான். வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். இந்தப் பெருக்கல் மாறாது. 'மக்கள் பதிப்பு' என்று புகழப்படுவது உண்மையில் தலைக்கு ஒன்று வாங்கவைக்கும் பதிப்பு. தனியுடைமையைப் பொதுவுடைமைச் சொற்களால் அலங்கரிப்பதைக் கல்விப்புலம் வேறு துறைகளில் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. ஆட்டம் என்று வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

கைபேசி எல்லாரிடமும் இருக்கிறதே, தனியாக வாங்க வேண்டியதில்லையே என்பார்கள். இருக்கிறது. கண்ணாடிமேல் வரைந்த பொத்தானில் விரல் எங்கே நிற்கிறது என்பது விரலுக்கே தெரியாது.

எடையுள்ள மறுப்பு வேறொன்று உண்டு. விடுதிப் பொதுக்கூடம் யாருடையது? பல இடங்களில் மூத்த மாணவர்களுடையது. தொலைக்காட்சியின் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவருடையது. கலப்பு வளாகங்களில் அது பெரும்பாலும் ஆண்களுடையது. முதன்முறை ஆடும் மாணவி பத்துப் பேர் முன்னிலையில் தோற்று ஏளனத்துக்கு ஆளாவதைவிடத் தம் அறையில் கையடக்கக் கருவியில் ஆடுவது இயல்பு. நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்துபோகும் ஆய்வாளருக்குப் பொதுக்கூடமே கிடையாது. மின்வெட்டு வந்தால் கன்சோல் ஊமையாகிவிடும்; கையடக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இவை மெய். இவற்றை மறுப்பது கட்டுரையின் நோக்கமன்று.

இதற்கான விடையைக் கிழக்குக்கோட்டையில் 1956இல் தொடங்கப்பட்ட சி.வி.என். களரியில் பார்க்கலாம். களரிப்பயிற்சி மெய்த்தாரியில் தொடங்குகிறது. உடலை வளைக்கவும் தாழ்த்தவும் பாயவும் பழக்கும் அப்பகுதியைத் தனியாளாகப் பயிலலாம். அடுத்து வரும் கோல்த்தாரியில் எதிரே ஒருவர் கோலோடு நிற்க வேண்டும். அங்கத்தாரியில் வாளோடு நிற்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த மெய்த்தாரியும் கோல்த்தாரிக்கு மாற்றாகாது; மெய்த்தாரி இல்லாமல் கோல்த்தாரிக்குப் போகவும் முடியாது. மரபுப்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட அந்தக் குழிக்களரி, இருவர் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாத இடம். கையடக்கப் பதிப்பு மெய்த்தாரிக்கு உகந்தது. அடிவரிசைகளை மனப்பாடம் செய்ய, விரலைப் பழக்க, யாரும் பாராமல் தோற்க அதைவிட நல்லது கிடையாது. அறைக்குள் பயிலும் மாணவியின் தேர்வு சரியானதே. அவர் அங்கேயே நின்றுவிட நேர்ந்தால் பிழை பொதுக்கூடத்தினுடையது. அதைத் திருத்துவது விடுதிக் குழுவின் வேலை. "அவரவர் அறையில் அவரவர் கருவி இருக்கிறதே" என்று சொல்லி அந்த வேலையிலிருந்து தப்பித்துக்கொள்வதற்குக் 'கையடக்க ஜனநாயகம்' நல்ல சாக்காகப் பயன்படும்.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது தூய்மைவாதிகளுக்கு. 2011இல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' தொடுதிரையில் ஒரே தொடலில் சிறப்பு அடிகளை வீச இடம் கொடுத்தது. பின்னோக்கி அழுத்திக் காத்திருந்து வீச வேண்டிய அடிகள்கூடக் காத்திருப்பின்றி வந்தன. மரபாளர்கள் கொதித்தார்கள். 2023இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' எளிய கட்டுப்பாட்டு முறையை எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுவந்தது: ஒரே பொத்தானில் சிறப்பு அடி, அதற்கு ஈடாக அடியின் வலு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்று அந்த முறையில் ஆடுபவர்கள் போட்டிகளிலும் அமர்கிறார்கள். சிறிய கருவியில் இழுக்காகத் தோன்றியது பன்னிரண்டு ஆண்டுகளில் பெரிய கருவியின் இலக்கணமாயிற்று. பேச்சுவழக்கை இழித்துரைத்தவர்கள் அதே வழக்கு எழுத்தில் ஏறியபின் என்ன செய்தார்களோ, அதையே இவர்களும் செய்கிறார்கள்: பழைய கோபத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நின்டெண்டோ சுவிட்ச் போன்ற இருநிலைக் கருவிகள் இந்த வாதத்தைக் கவிழ்த்துவிடவில்லையா என்று கேட்கலாம். கவிழ்க்கவில்லை. கைப்பிடியை இரண்டாகக் கழற்றி ஒன்றை எதிராளியிடம் நீட்ட முடிகிறது. கருவி மேசைமேல் நிற்கிறது. இருவர் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். சிறியதாக இருந்தும் அது எதிராளிக்கு இருக்கை தருகிறது. அந்த நிலையில் அதை வீட்டுக் கன்சோலாகவே எண்ணலாம்.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு மின்விளையாட்டைப் பல்துறைப் போட்டிகளின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பதக்கப் போட்டியாக நடந்தது, இந்தியாவிலிருந்து இருவர் ஆடினர். பல்கலைக்கழகங்கள் இனி இவ்வகை ஆட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் நாள் தொலைவில் இல்லை. அப்போது மாணவர் பேரவைகள் வைக்க வேண்டிய கோரிக்கை சிறியது. பொதுக்கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் தொலைக்காட்சியோடு ஒரு கன்சோல். இரண்டு கண்ட்ரோலர், பழுதுக்கு மூன்றாவது ஒன்று. வாரத்தில் சில மாலைகள் புதியவர்களுக்கு மட்டும் என்ற அறிவிப்பு. ரிமோட் விடுதிக் காப்பாளரின் மேசையில்.